பனிநாட்டுக் கார்களின் முகத்தில் தொங்கும் வயர்



ஜனவரி மாதத்தில் கனடாவின் வினிப்பெக் நகரத்துக்கு முதன்முதலாகப் போய் இறங்குகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்த்து நின்றுவிடுவார்கள். தெருவோரம் நிற்கிற கார்களின் முன்பக்க கிரில்லுக்கு நடுவிலிருந்து ஒரு மின்வயர் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் மூன்று பின் ப்ளக். அலுவலகங்களின் கார் நிறுத்துமிடத்துக்குப் போனால், தொழுவத்தில் மாடு கட்ட முளை அடித்து வைத்ததுபோலக் குட்டைக் கம்பங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கம்பத்திலும் ப்ளக் பாயின்ட். காரை நிறுத்துகிறவர் இறங்கியதும் முதல் வேலையாக அந்த வயரைக் கம்பத்தில் செருகிவிட்டுத்தான் அலுவலகத்துக்குள் போவார்.

"இங்கே எல்லாமே எலெக்ட்ரிக் காரா?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பது அங்கே வாடிக்கை. மின்சாரக் கார்கள் கடைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே கேட்கப்படுகிற கேள்வி இது. அவை பெரும்பாலும் பெட்ரோல் கார்கள்தாம். அந்த வயர் போய்ச் சேருகிற இடம், என்ஜினுக்குள் இருக்கிற ஒரு சின்ன ஹீட்டர். பிளாக் ஹீட்டர் என்று பெயர்.

அந்த ஹீட்டரின் கதையைத்தான் இன்று பேசப்போகிறோம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகுமா ஆகாதா என்ற தவிப்பில் பிறந்த கருவி இது. பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்காக இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பலன் பின்னால்தான் பேசப்பட்டது. ஸ்டார்ட் ஆவதற்காக இதைச் செருகுவது ஒரு விதம், மைலேஜுக்காகச் செருகுவது வேறு விதம். இந்த வித்தியாசம் தெரியாமல் இன்றும் எத்தனையோ பேர் இரவு முழுக்க மின்சாரத்தை வீணாக்குகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் காணொளி.

சரி, குளிர் ஒரு என்ஜினை அப்படி என்னதான் செய்துவிடும்?

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டு விழாது. வெயிலில் வைத்தோ வெந்நீரில் வைத்தோ உருக்கித்தான் தலையில் தேய்ப்போம். நம் ஊரில் அப்போது 20 டிகிரி இருந்தாலே பெரிய குளிர். வினிப்பெக்கில் பூஜ்யத்துக்கும் கீழே 30 டிகிரி. என்ஜின் ஆயில் தேங்காய் எண்ணெய் மாதிரி உறைந்துவிடாது என்றாலும், ஆறிப்போன வெல்லப்பாகு போலக் கெட்டியாகி நகர மறுக்கும். ஆயில் டப்பாவின் மேல் 5டபிள்யூ-30 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் நிற்கிற எண் எவ்வளவு சிறியதோ, குளிரில் ஆயில் அவ்வளவு எளிதாக ஓடும். அந்த எண்களெல்லாம் வருவதற்கு முந்தைய காலத்து ஆயில்கள் கடுங்குளிரில் கிட்டத்தட்ட மெழுகு.

இந்தப் பாகைக் கிழித்துக்கொண்டு பிஸ்டன்கள் நகர வேண்டும். அதற்கு பேட்டரி வழக்கத்தைவிட அதிக பலம் காட்ட வேண்டும். ஆனால் அதே குளிர் பேட்டரிக்குள் நடக்கிற ரசாயன வேலையையும் முடக்கிவிடுகிறது. மைனஸ் 18 டிகிரியில் பேட்டரி தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்து நிற்கும். சுமை ஏறுகிறது, சுமப்பவனின் தெம்பு இறங்குகிறது. செல்ஃப் எடுக்காமல் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வருவது இதனால்தான்.

மூன்றாவது சிக்கல்தான் நம் கதைக்கு முக்கியம். பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரியாது, ஆவியானால்தான் எரியும். உறைகுளிரில் அது ஆவியாவதில்லை, குளிர்ந்த இரும்பின் மேல் ஈரமாகப் படிந்துகொள்கிறது. எரியத் தேவையான ஆவி கிடைக்க வேண்டுமானால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெட்ரோலை உள்ளே கொட்டியாக வேண்டும். பழைய ஸ்கூட்டரை மழைக்காலக் காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தவர்களுக்கு இது தெரியும். இன்றைய கார்களில் சோக் கிடையாது, கம்ப்யூட்டரே அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாததால் செலவு இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். என்ஜின் சூடாகும்வரை ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கூடுதல் பெட்ரோல் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

இனி பழைய காலத்துக்குப் போவோம்.

1912-ல் காடிலாக் நிறுவனம் சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரைத் தன் கார்களில் பொருத்தி விற்றது. அதற்கு முன் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். சாதாரண நாளிலேயே அது தோளைப் பிடுங்கும் வேலை. பனிக்காலத்தில் ஆயில் பாகாகியிருக்கும்போது கேட்கவே வேண்டாம்.

ரேடியேட்டரில் இருந்தது வெறும் தண்ணீர். இரவில் அது உறைந்து விரிந்தால் என்ஜினின் இரும்பு வார்ப்பே பிளந்துவிடும். அதனால் வட அமெரிக்கச் சமவெளியின் விவசாயிகள் மாலையில் வண்டியை நிறுத்தியதும் தண்ணீரை முழுக்க வடித்துவிடுவார்கள். காலையில் அடுப்பில் கொதிக்கவைத்த வெந்நீரைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். சிலர் ஆயிலையும் வடித்து, வீட்டுக்குள் அடுப்பின் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்கள். காலையில் கஞ்சிப் பானையும் என்ஜின் ஆயிலும் ஒரே அடுப்பில் சூடாகிற குடும்பங்கள் அவை. பானெட்டின் மேல் கம்பளி போர்த்துவது, உள்ளே லாந்தர் விளக்கை ஏற்றி வைப்பது, தகரத்தட்டில் கரித்தணலை அள்ளி என்ஜினுக்கு அடியில் தள்ளுவது, இவையும் நடந்தன. பெட்ரோல் கசிகிற வண்டிக்கு அடியில் தணல்! எத்தனை கொட்டகைகள் எரிந்திருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

தண்ணீர் உறையாமல் இருக்க ஆல்கஹால் கலந்தார்கள். என்ஜின் சூட்டில் அது ஆவியாகிப் போய்விடும், மறுபடி ஊற்ற வேண்டும். 1927-ல் பிரெஸ்டோன் என்ற பெயரில் எதிலீன் கிளைக்கால் விற்பனைக்கு வந்தது. அது உறையவும் இல்லை, எளிதில் ஆவியாகவும் இல்லை. என்ஜின் வெடிக்கிற பயம் தீர்ந்தது. ஆனால் உறையாத தண்ணீர் வேறு, சூடான என்ஜின் வேறு. ஸ்டார்ட் ஆகாத துன்பம் அப்படியே இருந்தது.

இந்தத் துன்பத்தின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் 1920-களிலும் 30-களிலும் கனடாவின் வடகோடியில் பறந்த சின்னஞ்சிறு விமானங்களைப் பார்க்க வேண்டும். அங்கே சாலை கிடையாது. அஞ்சல், மருந்து, சுரங்கக்காரர்களுக்கான சாமான் எல்லாம் விமானத்தில்தான் போகும். சக்கரத்துக்குப் பதில் பனிச்சறுக்குப் பலகை கட்டி, உறைந்த ஏரியின் மேல் இறங்குவார்கள். கொட்டகை கிடையாது, ராத்திரி விமானம் நிற்பது வெட்டவெளியில்.

இறங்கியதும் விமானியும் மெக்கானிக்கும் முதலில் செய்வது, என்ஜின் சூடாறுவதற்குள் ஆயிலை ஒரு டப்பாவில் வடித்துக்கொள்வது. தாமதித்தால் வடியவே வடியாது. அந்த டப்பாவைக் கூடாரத்துக்குள் தூக்கிப்போய்த் தங்களோடு வைத்துக்கொள்வார்கள். விடியும் முன்னரே மெக்கானிக் எழுந்துவிட வேண்டும். என்ஜினின் மேல் தடித்த கேன்வாஸ் துணியைத் தரைவரை தொங்கும்படி போர்த்துவார். அதற்குள் குனிந்து நுழைந்து, ப்ளோ பாட் எனப்படும் பெட்ரோல் அடுப்பைப் பற்றவைப்பார். சீறிக்கொண்டு எரிகிற அந்தச் சுவாலையைப் பார்த்தபடி ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், கையில் தீயணைப்புக் குப்பியோடு. தலைக்கு மேலே பெட்ரோல் குழாய்கள். சுற்றிலும் எண்ணெய் படிந்த துணி. கண் அசந்தால் விமானமும் போச்சு, ஆளும் போச்சு. அடுத்த மனிதக் குடியிருப்பு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. என்ஜின் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அடுப்பில் சூடாக்கிய ஆயிலை ஊற்றி, துணியை உருவி, உடனே சுழற்றிவிட வேண்டும். முதல் சில முயற்சியில் பிடிக்காவிட்டால் சூடெல்லாம் போய்விடும். மறுபடியும் முதலிலிருந்து.

விமானிகளின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. துணிக்குள் உட்கார்ந்து புகை குடித்த மெக்கானிக்குகளைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. என் கணக்கில் வடதிசையைத் திறந்துவிட்டவர்கள் அவர்களும்தான்.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941 டிசம்பரில் மாஸ்கோவை நெருங்கியிருந்த ஜெர்மன் படை அந்தக் குளிருக்குத் தயாராக வரவில்லை. டாங்குகளுக்கும் லாரிகளுக்கும் அடியில் நெருப்பு மூட்டித்தான் என்ஜினை உசுப்பினார்கள். சோவியத் டி-34 டாங்கிலோ பேட்டரி கைவிட்டால் அழுத்தக் காற்றைச் செலுத்தி என்ஜினைச் சுழற்ற ஏற்பாடு இருந்தது. விமானப் படைகள் இன்னொரு வழியைப் பயன்படுத்தின: என்ஜினை அணைக்கும் முன் ஆயிலில் கொஞ்சம் பெட்ரோலைக் கலந்துவிடுவது. ஆயில் நீர்த்துப்போய் இரவில் கெட்டியாகாது. காலையில் என்ஜின் சூடானதும் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும்.

1942-ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் 2,400 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட அலாஸ்கா நெடுஞ்சாலையை ஒரே ஆண்டுக்குள் போட்டார்கள். அந்தக் குளிரில் லாரி, புல்டோசர் என்ஜின்களை அணைத்தால் மறுபடி கிளப்ப முடியாது என்பதால், இரவு பகலாக அணைக்காமலே விட்டார்கள். அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸில் இருந்த லாட் ஃபீல்ட் விமானத் தளத்தில்தான் சோவியத் விமானிகள் அமெரிக்க விமானங்களைப் பெற்றுக்கொண்டு சைபீரியா வழியாகக் கொண்டுபோனார்கள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 8,000 விமானங்கள். இப்படிப்பட்ட பனிப்பிரதேச விமானத் தளங்களில் என்ஜினைச் சூடேற்ற வந்தவை, ஹெர்மன் நெல்சன் நிறுவனம் செய்த பெரிய சுடுகாற்று இயந்திரங்கள். யானைத் துதிக்கை போன்ற கேன்வாஸ் குழாய் வழியாகச் சூடான காற்றை ஊதும். கையில் தீயணைப்புக் குப்பியோடு துணிக்குள் உட்கார்ந்த மனிதருக்கு அப்போதுதான் விடுதலை வந்தது.

இவையெல்லாம் ராணுவத்துக்குக் கட்டுப்படியாகும். ஒரு சாதாரணக் குடியானவனுக்கு?

அதற்கான விடை அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரில் கிடைத்தது. கோதுமையும் சர்க்கரை பீட்ரூட்டும் விளைகிற தட்டைச் சமவெளி. வடக்கிலிருந்து வருகிற காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. அங்கே மின்கோட்டா பவர் கூட்டுறவு மின் நிறுவனத்தின் மேலாளராக இருந்தவர் ஆண்ட்ரூ ஃப்ரீமன்.

அவர் வேலை பார்த்த இடத்தைக் கவனியுங்கள். அதில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் கிடையாது. தனியார் மின் நிறுவனங்கள், பத்து வீட்டுக்காகப் பத்து மைல் கம்பி இழுத்தால் லாபமில்லை என்று விட்டுவிட்டன. 1935-ல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு கிராமப்புற மின்மயமாக்கல் அமைப்பை ஏற்படுத்தியது. குறைந்த வட்டிக் கடனை வாங்கி, விவசாயிகள் தாங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தங்கள் நிலத்தில் தாங்களே கம்பம் நட்டுக் கரண்ட் கொண்டுவந்தார்கள். மின்கோட்டாவும் 1940-ல் அப்படித் தொடங்கப்பட்டதுதான். கொட்டகைவரை மின்சாரம் வந்துவிட்டது. அதே கொட்டகையில் வண்டி குளிரில் விறைத்து நிற்கிறது. இரண்டையும் தினமும் சேர்த்துப் பார்க்கிற இடத்தில் ஃப்ரீமன் இருந்தார்.

உடைசல் செம்புக் குழாயையும் ஒரு பழைய இஸ்திரிப் பெட்டியின் சூடேறும் கம்பியையும் கொண்டு அவர் முதல் ஹீட்டரைச் செய்தார் என்று சொல்வார்கள். என்ஜினின் தலைப்பகுதியை அடிப்பகுதியோடு இறுக்கிப் பிடிக்கப் பல போல்ட்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில், உள்ளே சூடேறும் கம்பி வைத்த வேறொரு போல்ட்டை முடுக்கிவிட வேண்டும். வயரைச் செருகினால் போல்ட் சூடாகி, அந்தச் சூடு இரும்பு வார்ப்புக்குள் பரவும். வெல்டிங் வேண்டாம், துளை போட வேண்டாம். ஒரு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஹெட்போல்ட் ஹீட்டர் என்ற பெயர் அப்படி வந்தது. 1949 நவம்பர் 8 அன்று அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

எனக்கு இந்தக் கண்டுபிடிப்பின் மேல் தனி மரியாதை உண்டு. பெரிய ஆய்வுக்கூடம் கிடையாது, பெருமுதலாளி கிடையாது. தன் சங்கத்து உறுப்பினர்கள் காலையில் படும் பாட்டைப் பார்த்த ஒருவர், ஒரு பழைய இஸ்திரிப் பெட்டியைப் பிரித்தார். ஆயிலையும் வெந்நீரையும் தூக்கிச் சுமந்த ஒரு தலைமுறையின் முதுகுவலி அதோடு தீர்ந்தது.

பிறகு வந்த ஹீட்டர்கள் இன்னும் நேரடியான வழியைப் பிடித்தன. என்ஜினை வார்க்கும்போது உள்ளே மணல் அச்சு வைப்பார்கள். வார்த்து முடித்ததும் அந்த மணலைக் கொட்டப் பக்கவாட்டில் வட்டத் துளைகள் விடுவார்கள். பிறகு அவற்றைத் தகட்டு மூடியால் அடைத்துவிடுவார்கள். தண்ணீர் உறைந்தால் இந்த மூடி கழன்று என்ஜினைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் இதற்கு ஃப்ராஸ்ட் ப்ளக் என்று பெயர் வந்துவிட்டது. உண்மையில் அது மணல் கொட்டிய வழியை அடைக்கும் மூடிதான். அந்த மூடி ஒன்றை எடுத்துவிட்டு ஹீட்டரை அங்கே பொருத்தினால், சூடேறும் கம்பி, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுக்குள் நேராக முங்கி நிற்கும். நம் வீடுகளில் வாளித் தண்ணீரில் ஹீட்டர் ராடு போடுகிறோமே, அதே வேலை. சூடான கூலன்ட் தானே மேலெழுந்து, என்ஜினைச் சுற்றிப் பரவிவிடும். இன்று ஹீட்டர் உள்ள பல கார்களில் இருப்பது இந்த வகைதான். 400 வாட்டிலிருந்து 1,000 வாட்வரை.

இப்படித்தான் கார்களின் முகத்தில் வயர் முளைத்தது. எட்மன்டன், சாஸ்கடூன், வைட்ஹார்ஸ், யெல்லோநைஃப், ஃபேர்பேங்ஸ் என்று வடக்கே எங்கும் கம்பங்கள் நடப்பட்டன. ஐரோப்பாவில் நோர்வேயின் டெஃபா, ஸ்வீடனின் காலிக்ஸ் நிறுவனங்கள் இந்த ஹீட்டர்களைச் செய்கின்றன. பின்லாந்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்திலேயே ஒவ்வொரு காருக்கும் ஒரு ஹீட்டர் கம்பம் உண்டு; கம்பத்துக்குள் ஒரு டைமர், எத்தனை மணிக்குச் சூடாக வேண்டும் என்று வைத்துவிட்டுப் போவார்கள். அந்த டைமரைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் திரும்ப வருகிறேன்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை ஏறியதும் அதுவரை மைலேஜைப் பற்றிக் கவலைப்படாத வட அமெரிக்கா கணக்குப் பார்க்கத் தொடங்கியது. குளிர்காலத்தில் ஏன் இவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்ற கேள்விக்கு விடை முதல் சில கிலோமீட்டரில் இருந்தது. அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி சொல்வது இது: நகர ஓட்டத்தில், 25 டிகிரியில் கிடைக்கிற மைலேஜைவிட மைனஸ் 7 டிகிரியில் சுமார் 15 சதவீதம் குறையும், ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் ஓடும் குறும்பயணங்களில் 24 சதவீதம்வரை குறையலாம். கனடாவின் இயற்கை வளத் துறை மறுபக்கத்தைச் சொல்கிறது: மைனஸ் 20 டிகிரியில் பிளாக் ஹீட்டர் மொத்த எரிபொருளில் 10 சதவீதம்வரை மிச்சப்படுத்தும், மைனஸ் 25 டிகிரியில் ஒரே ஒரு குறும்பயணத்தை எடுத்துக்கொண்டால் மிச்சம் 25 சதவீதம் அளவுக்குப் போகலாம்.

10 எங்கே, 25 எங்கே? ஏன் இந்த வேறுபாடு? ஒரு முறை ஸ்டார்ட் செய்யும்போது ஹீட்டர் மிச்சப்படுத்துகிற பெட்ரோல் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அதை ஐந்து கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் பெரிதாகத் தெரியும். நூறு கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் கண்ணுக்கே தெரியாது. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் தாய்க்குக் கிடைக்கிற பலன், நெடுந்தூரம் ஓட்டுகிற லாரிக்காரருக்குக் கிடைக்காது. அவருக்கு ஹீட்டர் ஸ்டார்ட் ஆவதற்கு மட்டும்தான். யாராவது உங்களிடம் "ஹீட்டர் போட்டால் இவ்வளவு சதவீதம் மிச்சம்" என்று ஒற்றை எண்ணைச் சொன்னால், எத்தனை கிலோமீட்டர் பயணத்துக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

இப்போது செலவுப் பக்கம். நூறு கிலோ இரும்பையும் ஆறு லிட்டர் கூலன்ட்டையும் 40 டிகிரி சூடேற்ற எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கணக்குப் போட்டால், முக்கால் யூனிட் வருகிறது. 500 வாட் ஹீட்டர் இரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சூடு வெளியே கசிவதையும் சேர்த்து, இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று மணி நேரம். அதற்கு மேல் என்ன ஆகிறது? ஹீட்டர் உள்ளே தருகிற சூடும், என்ஜின் வெளிக்காற்றில் இழக்கிற சூடும் சமமாகிவிடுகின்றன. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுபோலத்தான்: ஒரு மட்டத்துக்கு மேல் ஏறாது, ஊற்ற ஊற்ற ஒழுகும். மாலை ஏழு மணிக்குச் செருகிக் காலை ஏழு மணிக்குக் கழற்றினால் ஆறு யூனிட் போகிறது. காலை ஐந்து மணிக்கு டைமர் போட்டால் ஒரு யூனிட். ஏழு மணிக்கு என்ஜின் அடையும் சூட்டில் பெரிய வித்தியாசம் இராது.

இரவு முழுக்கச் செருகும் பழக்கம் ஃப்ரீமன் காலத்தின் மிச்சம். ஸ்டார்ட் ஆகுமா என்ற பயம் இருக்கிறவர் மின்சாரக் கட்டணத்தைப் பார்ப்பதில்லை. மைலேஜுக்காகப் போடுகிறவர் பார்த்தே ஆக வேண்டும். ஐந்து யூனிட்டை வீணாக்கிவிட்டு அரைக் குவளை பெட்ரோலை மிச்சம் பிடித்தேன் என்பதில் பொருளில்லை. பின்லாந்துக்காரர்கள் கம்பத்திலேயே டைமரை வைத்தது அதனால்தான். கனடாவின் சில கார் நிறுத்துமிடங்களில் மின்சாரத்தை அரை மணிக்கொரு முறை மாற்றி மாற்றித் தருகிறார்கள். பாதிக் கார்களுக்கு இப்போது, மீதிப் பாதிக்குப் பிறகு. எந்தக் காரும் ஆறிப்போவதில்லை.

ஹீட்டர் இல்லாதவர்கள் வேறொரு வழியைப் பிடிக்கிறார்கள்: ஸ்டார்ட் செய்துவிட்டு, வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டுச் சூடேற்றுவது. 3 லிட்டர் என்ஜின் இப்படிப் பத்து நிமிடம் சும்மா ஓடினால் 300 மில்லி பெட்ரோல் போகிறது என்று கனடா அரசின் கணக்கே இருக்கிறது. அந்த 300 மில்லிக்குள் இருக்கிற ஆற்றல் இரண்டரை யூனிட்டுக்கு மேல். அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். சைபீரியாவின் யாகுட்ஸ்கில், மைனஸ் 40-க்கும் கீழே, கார்களைக் கம்பளியால் போர்த்தியும், நாளெல்லாம் அணைக்காமல் ஓடவிட்டும் சமாளிக்கிறவர்கள் உண்டு. வட அமெரிக்க டீசல் ரயில் என்ஜின்களின் கதை இன்னும் பெரிது. அவற்றில் உறைதடுப்புத் திரவம் கலக்காத தண்ணீர்தான் கூலன்ட். அதனால் பனிக்காலம் முழுக்க, வேலை இல்லாத இரவுகளிலும், அணைக்காமல் விட்டார்கள். மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் டீசல் புகையாகப் போனது. இன்று அவற்றுக்கும் சூடேற்றும் கருவிகள் வந்திருக்கின்றன.

பெட்ரோலைத் தாண்டி இதில் மூச்சும் இருக்கிறது. காரின் புகையைச் சுத்தம் செய்கிற காட்டலிடிக் கன்வர்ட்டர் 250, 300 டிகிரி சூடானால்தான் வேலை செய்யும். அதுவரை வருவதெல்லாம் பச்சைப் புகை. ஃபேர்பேங்ஸ் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று தரையோடு தங்க, மேலே இளஞ்சூடான காற்று மூடி போட்டதுபோல நின்றுவிடும். கார்கள் கக்கும் நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு ஊருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. ஊராட்சி மக்களிடம், வெப்பநிலை மைனஸ் 7-க்குக் கீழே போனாலே காரைச் செருகுங்கள் என்று பிரசாரம் செய்தது. வண்டி ஸ்டார்ட் ஆவதற்கு அந்தக் குளிரில் ஹீட்டரே தேவையில்லை. ஊர்க்காற்றுக்காகச் செருகச் சொன்னார்கள். 1994 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்கள் மைனஸ் 7 டிகிரியிலும் கார்பன் மோனாக்சைடு சோதனையில் தேற வேண்டும் என்ற விதியும் வந்தது. 2004-ல் ஃபேர்பேங்ஸ் கார்பன் மோனாக்சைடு தரத்தை எட்டிய ஊர் என்று அறிவிக்கப்பட்டது.

டொயோட்டா இன்னொரு வழியில் யோசித்தது. 2004 மாடல் பிரியஸ் காரில், வட அமெரிக்காவுக்காக, ஒரு ஃப்ளாஸ்க் வைத்தார்கள். காப்பி ஃப்ளாஸ்க் போலவே வெற்றிடச் சுவர் கொண்டது. காரை அணைக்கும்போது சூடான கூலன்ட் மூன்று லிட்டர் அதற்குள் போய்விடும். மூன்று நாள்வரை சூடு தங்கும். மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் அது என்ஜினுக்குள் பாயும். மின்வயரே வேண்டாம். அழகான யோசனை. அடுத்த தலைமுறை பிரியஸில் அதை விட்டுவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம்தான்.

இப்போது காலம் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது. பெட்ரோல் கார்களுக்காக நடப்பட்ட அந்தக் கம்பங்களில் இன்று உண்மையான மின்சாரக் கார்கள் செருகப்படுகின்றன. வீட்டு மின்சாரம்தான் என்பதால் மெதுவாகத்தான் ஏறும். ஆனாலும் எட்டு மணி நேர வேலை முடிந்து வரும்போது வீடு திரும்பப் போதுமான அளவு ஏறியிருக்கும்.

இந்தக் காணொளியை எட்மன்டனிலும் வினிப்பெக்கிலும் நோர்வேயின் வடகோடியிலும் இருக்கிற நம் உறவுகள் பார்ப்பீர்கள் என்று தெரியும். 1980-களிலிருந்தே அந்த வடகோடியான ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்து வாழ்ந்த ஈழத் தமிழர்கள், இந்தக் குளிரை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். உங்களிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் காரில் ஹீட்டர் இருக்கிறதா என்று கிரில்லுக்குப் பின்னால் பாருங்கள். குளிர்நாட்டில் விற்ற வண்டியென்றால் பலருக்குத் தெரியாமலே ஹீட்டர் இருக்கும். வயரின் உறை வெடித்திருந்தால், ப்ளக் கருகியிருந்தால் செருகாதீர்கள், தீ அங்கிருந்துதான் பிடிக்கிறது. வெளியில் பயன்படுத்தத் தகுந்த, எர்த் உள்ள நீட்டு வயரை மட்டும் பயன்படுத்துங்கள். கடைசியாக, வெளிப்புறத்துக்கான டைமர் ஒன்று வாங்குங்கள். ஏழு மணிக்குக் கிளம்புகிறவர் ஐந்து மணிக்கு வையுங்கள். காரை எடுக்கும் முன் வயரைக் கழற்றிவிட மறக்காதீர்கள்.